பல் விழுந்த சிறுவனும் இயேசு சபைக் குருவும்



சில ஆண்டுகளுக்கு முன் சங்கராபுரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் புதுநன்மைக்குப் பிள்ளைகளைத் தயாரித்துக்கொண்டிருந்தோம். மாலை வேளை. ஏறக்குறைய இருபது பிள்ளைகள் கோவில் தரையில் வரிசையாக அமர்ந்து, இயேசு கற்றுத்தந்த செபத்தை உரத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் மட்டும் வாயைத் திறக்கவே இல்லை. உதடுகளை இறுக மூடிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தான். செபம் மனப்பாடம் ஆகவில்லை போலும் என்று எண்ணி அவனை அதட்டினோம். அசையவில்லை. இரண்டாவது முறை அதட்டியபோது அவன் கண்கள் நிறைந்துவிட்டன. மெல்ல வாயைத் திறந்து காட்டினான். மேல்வரிசைப் பல் ஒன்று ஒரு நூல் அளவுக்கு ஒட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தது.

பிறகு அவனுடைய ஆயாவிடமிருந்துதான் விவரம் தெரிந்தது. அவன் தாய் செங்கல் சூளை வேலைக்கு வெளியூர் சென்றிருந்தார். இதற்கு முன் விழுந்த பற்களை எல்லாம் அம்மாதான் கையில் வாங்கிக் கூரைமேல் எறிந்திருக்கிறார். புதுநன்மைக்கு அம்மா வந்துவிடுவார். அதற்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அதுவரை இந்தப் பல் விழாமல் இருக்கவேண்டும் என்பதற்காக அவன் பேசாமலும், சரியாகச் சாப்பிடாமலும், செபம் சொல்லாமலும் வாயைக் காத்துவந்திருக்கிறான். நாமோ செபம் சொல்லாத குற்றத்துக்காக அவனை எழுப்பி நிறுத்தியிருந்தோம்!

அன்று இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அப்போது நினைவுக்கு வந்தவர்தான் அருள்தந்தை லூயிஸ் கொலோமா. இயேசு சபைக் குரு, ஸ்பெயின் நாட்டு எழுத்தாளர், நூறு ஆண்டுகளுக்கு முன் இறந்தவர். ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் இவருடைய பெயரை மறந்துபோனவர்கள் பலர் இருக்கலாம். ஆனால் இவர் கதையில் உலவவிட்ட எலியைத் தெரியாத குழந்தை அங்கே இல்லை. பல் விழுந்த ஒரு பிள்ளைக்கு ஆறுதல் சொல்ல ஓர் அரசி இவரைத்தான் தேடினார். அவருடைய வாழ்வைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

லூயிஸ் கொலோமா 1851-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள், ஸ்பெயினின் தென்பகுதியான அந்தலூசியாவில் உள்ள ஹெரெஸ் நகரில் பிறந்தார். தந்தை மருத்துவர். வசதியான குடும்பம். பன்னிரண்டாவது வயதில் அவரைக் கடற்படைப் பள்ளியில் சேர்த்தார்கள். அந்த வாழ்வு அவருக்கு ஒட்டவில்லை. அதை விட்டு வெளியே வந்து, செவில்யா நகரில் சட்டம் படித்துப் பட்டம் பெற்றார். வழக்கறிஞராகத் தொழில் செய்யவில்லை. எழுத்தும், பத்திரிகையும், பெரிய மனிதர் வீட்டு விருந்துகளும் அவரை இழுத்துக்கொண்டன.

செவில்யாவில் அவருக்கு ஒரு நல்ல வழிகாட்டி கிடைத்தார். அந்த அம்மையாரின் இயற்பெயர் செசிலியா. பெர்னான் கபாயேரோ என்ற ஆண் பெயரில் நாவல்கள் எழுதிப் புகழ் பெற்றவர். கொலோமாவைவிட ஐம்பது வயதுக்கு மேல் மூத்தவர். இந்த மூதாட்டிக்கு ஒரு பழக்கம் உண்டு. நாட்டுப்புற மக்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதைகள், விடுகதைகள், பழமொழிகள், சின்னச் சின்ன செபங்கள் ஆகியவற்றைக் கேட்டுக் கேட்டு எழுதிவைத்துக்கொள்வார். அவற்றைத் தாம் இறந்த 1877-ஆம் ஆண்டில் ஒரு நூலாகவும் வெளியிட்டார். அந்த நூலில் ஒரு சிற்றெறும்பின் கதை வருகிறது. அந்த எறும்பு மணந்துகொள்ளும் எலியின் பெயர் பெரெஸ். கொதிக்கும் பானைக்குள் தவறி விழுந்து இறந்துபோகிற பரிதாபமான எலி அது. இந்தப் பெயரைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1868-இல் ஸ்பெயினில் புரட்சி வெடித்தது. அரசி இரண்டாம் இசபெல்லா நாட்டை விட்டுப் போகவேண்டியதாயிற்று. இயேசு சபையாரும் நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். இளைஞர் கொலோமா அரச குடும்பம் மீண்டும் வரவேண்டும் என்று விரும்பியவர்களோடு சேர்ந்து பத்திரிகைகளில் எழுதினார். அந்நாள்களில் அவருடைய வாழ்வு எப்படி இருந்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை. உயர்குடியினரின் கூடங்களில் அவர் பிரபலமானவர். பேச்சில் வல்லவர். பக்தியில் அப்படி ஒன்றும் ஊன்றியவர் அல்லர்.

1872-இல் அவருடைய நெஞ்சில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. கைத்துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வெடித்துவிட்டது என்று சொல்லப்பட்டது. வேறு காரணம் இருந்திருக்கும் என்று ஊரார் பேசிக்கொண்டதும் உண்டு. எதுவாயினும், பிழைப்பார் என்று எதிர்பாராத நிலையிலிருந்து அவர் பிழைத்து எழுந்தார். எழுந்தவர் பழைய கூடங்களுக்குத் திரும்பவில்லை. 1874-இல், தம் இருபத்து மூன்றாம் வயதில், பிரான்சுக்குச் சென்று அங்கே இயேசு சபையில் சேர்ந்தார். ஸ்பெயினில் அப்போது நவசந்நியாசம் செய்ய இடமில்லை.

இயேசு சபையார் தங்கள் இறுதி வார்த்தைப்பாட்டில் சிறுவர்களுக்கு மறைக்கல்வி கற்பிப்பதில் தனி அக்கறை கொள்வதாகவும் சேர்த்துச் சொல்வார்கள். பெரிய பெரிய கல்லூரிகள் நடத்துகிற சபை, மன்னர்களுக்கு ஆலோசனை சொன்ன சபை, இப்படி ஒன்றை ஏன் வார்த்தைப்பாட்டிலேயே வைத்தது என்று குருமட நாள்களில் நாம் வியந்தது உண்டு. கோவாவின் தெருக்களில் புனித சவேரியார் மணி அடித்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளைக் கூட்டியதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

குருவான பின் கொலோமாவின் எழுதுகோல் ஓயவில்லை. பில்பாவோ நகரில் இயேசு சபையார் நடத்திய திருஇருதயத் தூதன் என்ற மாத இதழில் தொடர்ந்து எழுதினார். திருஇருதய பக்தியைப் பரப்பும் இத்தகைய இதழ்கள் பல மொழிகளில் வந்தன. தமிழிலும் நம் வீட்டுப் பெரியவர்கள் வாசித்திருக்கிறார்கள். அந்த இதழில்தான் 1890-இலும் 1891-இலும் அவருடைய புகழ்பெற்ற நாவல் தொடராக வந்தது. அதன் தலைப்பு பெக்கெனியெசெஸ். சின்னச் சின்ன விஷயங்கள், அற்பக் காரியங்கள் என்று தமிழில் சொல்லலாம்.

அந்த நாவலின் தொடக்கம் நம்மைப்போன்ற பங்குப் பணியாளரும் பெற்றோரும் அறியவேண்டியது. ஒரு பள்ளியில் பரிசளிப்பு விழா நடக்கிறது. பாக்கித்தோ என்ற சிறுவன் பரிசுமேல் பரிசாக வாங்குகிறான். கை கொள்ளாமல் பரிசுகளோடு மேடையிலிருந்து இறங்குகிறான். மற்றப் பிள்ளைகள் தங்கள் தாய் தந்தையரிடம் ஓடுகிறார்கள். இவனை அணைத்துக்கொள்ள யாரும் வரவில்லை. இவனுடைய தாய் மத்ரித் நகரின் பெரிய சீமாட்டி. மகனுடைய பள்ளி விழா அவளுக்கு ஓர் அற்பக் காரியம். அந்த அற்பக் காரியத்தில் தொடங்கி, நூற்றுக்கணக்கான பக்கங்கள் தாண்டி, அந்தச் சிறுவனின் சாவில் கதை முடிகிறது. தாய் மனந்திரும்புகிறாள், ஆனால் மகன் திரும்பி வருவதில்லை.

நாவல் வெளிவந்ததும் தலைநகரமே கொந்தளித்தது. சீமான்களும் சீமாட்டிகளும் தங்கள் முகத்தையே அதில் கண்டு கோபம் கொண்டார்கள். ஹுவான் வலேரா என்ற பெரிய எழுத்தாளர், அந்த நாவலின் சீமாட்டியே குருவுக்கு எழுதுவதுபோல ஒரு கேலிக் கடிதத்தை அச்சிட்டு வெளியிட்டார். துறவி ஒருவருக்கு நாகரிக உலகின் அந்தரங்கம் எப்படித் தெரியும் என்பது அவர்கள் கேள்வி. முன்னாளில் அவரும் அதே கூடங்களில் அமர்ந்திருந்தவர் என்பதை மறந்துவிட்டார்கள் போலும். நம் பார்வையில் அந்த நாவலில் சில பக்கங்கள் கடுமை மிகுந்தவையே. உயர்குடிப் பெண்களைத் தாக்கும்போது குருவின் கை சற்று ஓங்கித்தான் இருக்கிறது. ஆனால் யாரும் வந்து அணைத்துக்கொள்ளாத அந்தச் சிறுவனைப் பற்றி எழுதும்போது அந்தக் கை மென்மையாகிவிடுகிறது.

மூன்று ஆண்டுகள் சென்றன. 1894-ஆம் ஆண்டு. ஸ்பெயினின் மன்னருக்கு வயது எட்டு!

பதின்மூன்றாம் அல்போன்சோவின் கதையே தனிக் கதைதான். அவருடைய தந்தை 1885 நவம்பரில் காசநோயால் இறந்தார். மகன் பிறந்ததோ 1886 மே 17-ஆம் நாள். ஆகவே பிறக்கும்போதே அவர் மன்னர். மிகச் சிறு வயதிலேயே அவருடைய குழந்தை முகம் தபால்தலைகளில் அச்சானது. 1890 ஜனவரியில் கடும் நோய் கண்டு பிழைப்பதே அரிதாக இருந்தது. தாய் மரியா கிறிஸ்தினா ஆஸ்திரிய அரச குலத்தவர், கணவரை இழந்தவர், மகன் வளரும்வரை நாட்டை ஆளவேண்டிய பொறுப்பும் அவர் தோளில் இருந்தது. மகனை வீட்டில் பூபி என்று செல்லமாக அழைப்பார். அந்தப் பூபிக்கு ஒரு பால் பல் விழுந்தது. தாய் அருள்தந்தை கொலோமாவுக்குச் சொல்லி அனுப்பினார், பையனுக்காக ஒரு கதை எழுதித் தரவேண்டும் என்று.

அரண்மனையில் மருத்துவர்களுக்குக் குறைவில்லை. பொம்மைகளுக்கும் குறைவில்லை. எட்டு வயது மகனுக்குப் பல் விழுந்ததை ஒரு செய்தியாக எண்ணி, நாட்டை ஆளும் வேலைக்கு நடுவே, அவனுக்கு ஒரு கதை வேண்டும் என்று அந்தத் தாய்க்குத் தோன்றியது. அவர் கேட்ட ஆள் யார் என்பதையும் கவனிக்கவேண்டும். தம்மைச் சுற்றி வாழும் சீமான்களையெல்லாம் சாடிய அதே குரு!

கொலோமா மறுக்கவில்லை. இலக்கிய உலகில் அப்போது அவர் பெரிய பெயர். ஒரு பல்லுக்காகக் கதை எழுதுவதா என்று அவர் எண்ணியிருக்கலாம். அவரோ தம் பழைய வழிகாட்டி செசிலியா அம்மையாரின் நூலில் பானைக்குள் விழுந்து இறந்த அந்த எலியை நினைவுகூர்ந்து, அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார்.

கதை இதுதான். பூபி என்னும் சிறுவன் மன்னனுக்குப் பல் ஆடுகிறது. அரண்மனையே கூடி ஆலோசிக்கிறது. சிவப்புப் பட்டு நூலைக் கட்டிப் பல்லை எடுக்கிறார்கள். வழக்கப்படி அவன் எலி பெரெசுக்கு ஒரு கடிதம் எழுதி, பல்லோடு சேர்த்துத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுக்கிறான். நள்ளிரவில் எலி வருகிறது. வைக்கோல் தொப்பி, தங்கக் கண்ணாடி, துணிக் காலணி, முதுகில் ஒரு சிவப்புப் பை. சிறுவனுக்கு எலியோடு போக ஆசை. எலி தன் வால் நுனியை அவன் மூக்கில் நுழைக்க, அவன் பலமாகத் தும்மி, தானும் ஒரு குட்டி எலியாகிவிடுகிறான். இருவரும் குழாய்களுக்குள்ளும் சுவர் இடுக்குகளிலும் ஓடி, அரெனால் தெருவில் இருந்த பிராஸ்ட் மிட்டாய்க் கடைக்குப் போகிறார்கள். அங்கே ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் எலியின் குடும்பம் வாழ்கிறது. அந்தக் கடை மத்ரித் நகரில் உண்மையாகவே இருந்த கடை. சிறுவன் மன்னன் அறிந்த கடையாகவும் இருந்திருக்கும்.

இதுவரை இது சிரித்து மகிழ வேண்டிய கதை. இதற்குப் பிறகுதான் குரு தம் வேலையைத் தொடங்குகிறார். அன்று இரவு எலிக்கு இன்னொரு வீட்டிலும் வேலை இருக்கிறது. ஹிலீத்தோ என்ற ஏழைச் சிறுவனுக்கும் பல் விழுந்திருக்கிறது. பூனையிடமிருந்து தப்பி இருவரும் ஒரு பழைய வீட்டின் மேல்மாடிப் பரணுக்கு ஏறுகிறார்கள். அங்கே கட்டில் இல்லை, அடுப்பில் நெருப்பில்லை. பனிக்காற்று ஓட்டை வழியே வீசுகிறது. வைக்கோலில் தாயும் மகனும் குளிரில் ஒட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்கள். எலி அந்தச் சிறுவன் தலைமாட்டில் ஒரு தங்கக் காசை வைக்கிறது. குட்டி எலியாக இருக்கும் மன்னன், தன் வயதுப் பையன் ஒருவன் இப்படி வாழ்கிறான் என்பதை முதன்முறையாகக் கண்டு அழுகிறான்.

விடிந்தபின் சிறுவன் தன் தாயிடம் கேட்கிறான். அந்தப் பையனும் தன்னைப் போலவே கடவுளை எங்கள் தந்தையே என்று அழைக்கிறானே, அது எப்படி என்று. கடவுள் எல்லாருக்கும் தந்தை, ஆகவே அந்தப் பையன் உனக்குச் சகோதரன் என்கிறார் தாய். அப்படியானால் தான் மன்னனாக எல்லாம் பெற்றிருக்க அவனுக்கு ஒன்றுமில்லாதது ஏன் என்பது அடுத்த கேள்வி. நீ மூத்த அண்ணன், மன்னன் என்றால் அதுதான் பொருள், தம்பிமாருக்குக் குறை வராமல் பார்ப்பது உன் கடமை என்பது தாயின் பதில்.

குரு என்ன செய்தார் என்பதைப் பாருங்கள். பல் விழுந்த பிள்ளைக்கு முதலில் பயத்தைப் போக்கினார். பிறகு சிரிக்க வைத்தார். அதன் பிறகே இன்னொரு பிள்ளையின் பல் விழுந்த வாயை அவனுக்குக் காட்டினார். இந்த வரிசை மாறியிருந்தால் அது கதையாக இராது, மறையுரையாகிவிடும். அரசியிடம் ஒன்றும், மக்களிடம் ஒன்றுமாகப் பேசாமல், சீமான்களிடம் நாவலில் சொன்னதையே எட்டு வயதுப் பையனிடம் எலியின் வாயிலாகச் சொன்னார் என்பதும் நமக்கு வியப்பளிக்கிறது.

அந்தப் பையன் வளர்ந்து பதினாறு வயதில், 1902-இல், ஆட்சியை நேரில் ஏற்றார். கதையும் அதே ஆண்டில்தான் முதன்முதலாக அச்சேறியது. கையெழுத்துப் படி இன்றும் மத்ரித் அரண்மனை நூலகத்தில் உள்ளது. அவர் கதையில் சொன்னபடி நல்ல மூத்த அண்ணனாக ஆண்டாரா என்று கேட்டால், வரலாறு அவ்வளவு இனிமையாக இல்லை. 1923-இல் படைத்தளபதி ஒருவரின் சர்வாதிகாரத்துக்கு இடம் கொடுத்தார். 1931-இல் மக்கள் குடியரசை விரும்பி வாக்களிக்க, நாட்டை விட்டு வெளியேறினார். 1941-இல் உரோமையில் இறந்தார். கதை சொன்னவருக்கு விளைச்சலைப் பார்க்கும் உறுதி எதுவும் கொடுக்கப்படவில்லை. மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு இது புதிதல்லவே.

கொலோமா அந்தக் கதையோடு நின்றுவிடவில்லை. பேரரசர் ஐந்தாம் சார்லஸின் மகனாகப் பிறந்தும் பெயர் மறைத்து வளர்க்கப்பட்ட ஹுவான் என்ற சிறுவன், பின்னாளில் லெப்பாந்தோ கடற்போரின் தலைவனாக வளர்ந்த வரலாற்றை ஹெரோமீன் என்ற நூலாக எழுதினார். இங்கும் ஒரு சிறுவன்தான்! 1908-இல் ஸ்பானிய மொழிக்கான அரச கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்துகொண்டது. 1915-இல் இறைவனடி சேர்ந்தார். பெரிய நூல்களை இன்று பெரும்பாலும் மாணவர்களே படிக்கிறார்கள். பல்லுக்காக எழுதிய அந்தச் சிறு கதைதான் நிலைத்து நிற்கிறது. மத்ரித் நகராட்சி 2003-இல் அரெனால் தெரு 8-ஆம் எண் கட்டடத்தில் எலி பெரெசின் நினைவாக ஒரு கல்லைப் பதித்தது.

இனி நம் ஊருக்கு வருவோம்.

நம் பகுதியில் எலிக்குக் கடிதம் எழுதும் வழக்கம் இல்லை. விழுந்த பல்லைச் சாணி உருண்டையில் பொதிந்து கூரைமேல் எறிவோம். யாரும் மிதித்துவிடக் கூடாது என்பார்கள் பெரியவர்கள். ஜப்பானில்கூடக் கீழ்வரிசைப் பல்லைக் கூரைமேல் எறிகிறார்கள் என்று அறியும்போது, உலகெங்கும் தாய்மார் ஒரே மாதிரிதான் யோசித்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. இதை மூடநம்பிக்கை என்று சொல்லிப் பிள்ளையின் கையிலிருந்து பல்லைப் பிடுங்கிக் குப்பையில் போடும் பெற்றோரைப் பார்த்திருக்கிறோம். தன் உடம்பிலிருந்து ஒன்று பிரிந்து போவதைப் பிள்ளை முதன்முறையாகக் காணும் வேளை அது. அதற்கு ஒரு சின்ன வழியனுப்பு இருப்பதில் விசுவாசத்துக்குக் கேடு வந்துவிடாது என்பது நம் கருத்து.

பால் பற்கள் மொத்தம் இருபது. ஆறு வயதை ஒட்டிக் கீழ்வரிசை முன்பற்களில் தொடங்கி, பன்னிரண்டு வயதுக்குள் ஒவ்வொன்றாக விழும். அடியில் வளரும் நிலையான பல் பால் பல்லின் வேரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுவதால்தான் பல் ஆடுகிறது. ஆகவே நூலைக் கட்டிக் கதவோடு சேர்த்து இழுப்பது வேண்டாம். சுத்தமான விரலாலும் நாக்காலும் பிள்ளையே ஆட்டிக்கொள்ளட்டும். விழுந்ததும் கொஞ்சம் இரத்தம் வரும். சுத்தமான துணியைச் சில நிமிடம் கடித்துக்கொண்டால் நின்றுவிடும். பால் பல் விழாமல் இருக்க, பின்னாலேயே புதுப் பல் முளைத்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறு வயதில் கடைசியில் முளைக்கும் கடைவாய்ப் பல்லைப் பால் பல் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது வாழ்நாள் முழுவதும் இருக்கவேண்டிய பல். விழப்போகிற பல்தானே என்று பால் பல்லின் சொத்தையையும் விட்டுவிடக் கூடாது. அது வலியைக் கொடுப்பதோடு, வரப்போகும் பல்லின் இடத்தையும் கெடுத்துவிடும். பல் வலிக்காரர்கள் வேண்டிக்கொள்ளும் புனித அப்போலோனியாவின் திருநாள் பிப்ரவரி 9. 249-ஆம் ஆண்டு அலெக்சாந்திரியாவில், தாடையில் அடித்துப் பற்களை உதிர்த்தும் விசுவாசத்தை மறுதலிக்காத மறைசாட்சி அவர். அவரிடம் வேண்டுங்கள், பல் மருத்துவரிடமும் போங்கள்.

எல்லாவற்றையும்விடக் கேலியை நிறுத்தவேண்டும். பொக்கை வாய் என்று பெரியவர்களே சிரிக்கும்போது பிள்ளை எங்கே போய் வாயைத் திறக்கும்?

நம் பகுதிப் பிள்ளைகள் பலருக்கு இது இன்னும் கடினம். கரும்பு வெட்டவும், செங்கல் அறுக்கவும், நெசவு ஆலைகளுக்கும் பெற்றோர் மாதக்கணக்கில் போய்விடுகிறார்கள். கல்வராயன் மலைப் பிள்ளைகள் பலர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கிறார்கள். அவர்களுடைய பல் தாய் கையில் விழுவதில்லை. விடுதிப் பாயில், பக்கத்துப் பையனின் சிரிப்புக்கு நடுவே விழுகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. தாய் தந்தை இருவரையுமே இழந்த பிள்ளைகளும் அதில் உண்டு. உதவித்தொகை வரும், படிப்புக்கு ஏற்பாடு நடக்கும். அவை வேண்டும்தான். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைக்கு அடுத்த பல் விழும்போது அதை யார் கையில் கொடுப்பது? சித்தியோ, ஆயாவோ, மறைக்கல்வி ஆசிரியையோ, விடுதிக் காப்பாளரோ, யாராவது ஒருவர் கை நீட்டவேண்டும். தந்தை முகம் காணாத பூபிக்கு ஒரு தாய் இருந்தார், ஒரு குருவும் கிடைத்தார்.

நம் புதுநன்மைச் சிறுவனுக்கு வருவோம். அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். எலியின் கதையை அடுத்த வகுப்பில் எல்லாருக்கும் சொன்னோம். பல் ஆடுகிறவர்கள் கை தூக்குங்கள் என்றதும் ஏழு கைகள் உயர்ந்தன. அவனும் கை தூக்கினான். விழுந்தாலும் பத்திரமாக வைத்து அம்மாவிடம் கொடுக்கலாம் என்று சொன்னபின் அவன் வாய் திறந்து செபம் சொன்னான். பல் இருந்த பக்கமாகக் காற்று புகுந்து சொற்கள் சற்று விசிலடித்தன. மூன்றாம் நாள், கொய்யாப் பழம் கடித்தபோது பல் விழுந்தது. ஆயா அதைக் கழுவி, செபமாலை வைக்கும் சின்ன டப்பாவில் பஞ்சுக்கு நடுவே வைத்தார்.

புதுநன்மைக்கு முந்திய இரவு அம்மா வந்து சேர்ந்தார். திருப்பலி முடிந்து எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, அவனும் அம்மாவும் அந்த டப்பாவோடு நம்மிடம் வந்தார்கள். அவர்கள் இருந்தது சிமெண்ட் தளம் போட்ட தொகுப்பு வீடு, எறிவதற்குக் கூரை இல்லை. கோவிலின் பழைய ஓட்டுக் கூரையில் எறியலாமா என்று கேட்டார்கள். அம்மா எறிந்தார். இரண்டு முறை ஓட்டில் சறுக்கி, சாணி உருண்டையோடு காலடியில் வந்து விழுந்தது. மூன்றாம் முறை அவனே வாங்கி எறிந்தான். ஓட்டு இடுக்கில் போய் நின்றுகொண்டது.